எட்டுத் திசையும் ஒரு பந்தும்

2022 மே மாதம் ஒரு பெயர் கழன்று விழுந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ‘ஃபிஃபா’ என்ற பெயரில் கால்பந்து வீடியோ கேம்களை வெளியிட்டுவந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், உலகக் கால்பந்துச் சம்மேளனத்துடனான ஒப்பந்தத்தை இனித் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. பெயரைப் பயன்படுத்தக் கேட்கப்பட்ட தொகைதான் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான ஃபிஃபா 23 கடைசிப் பாகமானது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் ‘ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24’ வந்து உட்கார்ந்தது.

ஆடுகிறவர்களுக்கு என்ன மாறியது? பெரிதாக ஒன்றுமில்லை. 19,000க்கும் மேற்பட்ட வீரர்கள், 700க்கும் மேற்பட்ட அணிகள், முப்பதுக்கும் மேற்பட்ட லீக்குகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஏனென்றால் அவற்றுக்கான உரிமங்கள் தனித்தனியாக வாங்கப்பட்டவை. போனது உலகக் கோப்பையும் அட்டையிலிருந்த நான்கு எழுத்துகளும்தான். முப்பது வருஷமாக ஒரு விளையாட்டுக்கு எதன் பெயரோ அதுவே கழன்றுபோன பிறகும் விளையாட்டு குலையாமல் நிற்கிறது என்றால், அது இத்தனை நாளும் எதன் மேல் நின்றுகொண்டிருந்தது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் பின்தொடர்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர் தன் வாழ்நாளில் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போலி செய்திருக்கிறது. முதலில் மைதானத்தை. பிறகு தொலைக்காட்சியை. கடைசியாகச் சந்தையை. மூன்றாவதில் அது அடைந்த வெற்றியில் முதலிரண்டும் அடிபட்டுப்போயின.

*

1993 டிசம்பரில் முதல் பாகம் ‘ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர்’ வந்தது. அந்தக் காலத்துக் கால்பந்து கேம்கள் மைதானத்தை நேர் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ காட்டிக்கொண்டிருந்தன. இது மைதானத்தைச் சாய்த்து, ஒரு மூலையிலிருந்து பார்ப்பதுபோல் காட்டியது. நாட்டு அணிகள் மட்டும்தான் உண்டு. வீரர்களின் பெயர்கள் எல்லாம் கற்பனை. நடுவர் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தால் நாம் அவரிடமிருந்து ஓடலாம், அவரும் துரத்துவார். எதிரணிக் கோல்கீப்பர் பந்தை உதைக்கும்போது அவர் முன்னால் போய் நின்றுகொண்டால் பந்து நம் மேல் பட்டுத் திரும்பிக் கோலுக்குள் போகும். மென்பொருள்காரன் கணக்கில் இவை பிழைகள். ஆனால் தெருவில் ஆடியவர்களுக்குத் தெரியும், தெருக் கால்பந்தில் இவை இரண்டுமே நடப்பதுதான்.

ஃபிஃபா 96 வீரர் சங்கத்தின் உரிமத்தைப் பெற்று நிஜப் பெயர்களைக் கொண்டுவந்தது, மைதானத்தை முப்பரிமாணமாக்கியது. 1997இல் வந்த ‘ரோடு டு வேர்ல்ட் கப் 98’தான் முதல் கட்டத்தின் உச்சம் என்பேன். பிளர் குழுவின் பாட்டோடு தொடங்கும் அந்தப் பாகத்தில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கு உரிய 172 நாடுகளும் இருந்தன. இந்தியா இருந்தது. இலங்கை இருந்தது. இந்தியாவை எடுத்துக்கொண்டு பிரான்ஸ் வரை போக முடியும் என்பது எவ்வளவு பெரிய பொய்! ஆனால் உலகத்தில் இருக்கிற எல்லாரும் இதற்குள் இருக்கிறார்கள் என்ற நேர்மையும் அந்தப் பொய்க்குள் இருந்தது. பின்னால் வந்த பாகங்களில் புற்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன, வியர்வை தெரிந்தது, நாடுகளின் எண்ணிக்கை மட்டும் சில டஜன்களாகச் சுருங்கியது. படம் துல்லியமாக ஆக ஆக, உலகம் சின்னதானது.

*

நான் இந்த விளையாட்டுக்குள் வந்தது ஃபிஃபா 07 காலத்தில். திருவண்ணாமலையில், திருவூடல் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில், பிரவுசிங் சென்டராகத் தொடங்கிக் கேம் சென்டராக மாறிய ஒரு அறை. மணிக்குப் பதினைந்து ரூபாய். ஊரில் கிரிக்கெட் உண்டு, கபடி உண்டு, வாலிபால் உண்டு. கால்பந்து என்பது கலைக்கல்லூரி மைதானத்தில் ஒரு ஓரமாக நடப்பது. இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஈ.எஸ்.பி.என்னில் வரும், ஆனால் அந்த நேரத்தில் வீட்டு ரிமோட் அம்மாவிடம் இருக்கும். எனவே எங்கள் தலைமுறையில் நிறைய பேர் கால்பந்தைப் பார்த்து ஆடக் கற்கவில்லை, ஆடிப் பார்க்கக் கற்றோம். ஆஃப்சைடு என்றால் என்ன என்பதை எனக்குச் சொல்லித்தந்தது எந்தப் பயிற்சியாளரும் இல்லை. கோல் போட்ட பிறகும் கொடியைத் தூக்கும் அந்த லைன்ஸ்மேன் பொம்மைதான். வர்ணனையாளர்கள் பேசிய ஆங்கிலத்திலிருந்துதான் வீரர்களின் பெயர்களை உச்சரிக்கக் கற்றுக்கொண்டோம்.

ஒரே கீபோர்டில் இரண்டு பேர். எஸ் என்றால் பாஸ், டி என்றால் ஷாட், ஏ என்றால் தூக்கி அடிப்பது, ஈ-யை அழுத்திக்கொண்டே இருந்தால் ஓட்டம். “டேய், ஈ-யிலருந்து கைய எடுக்காத” என்பதுதான் அங்கே கேட்ட முதல் தந்திரோபாயம். “இன்னும் ஒரே ஒரு மேட்ச்சுண்ணா” என்பது கடைசி வாக்கியம்.

அம்புக்குறி விசைகள் நான்கு. இரண்டிரண்டாக அழுத்தினால் எட்டுத் திசைகள். எங்கள் ரொனால்டினோவுக்கு உலகத்தில் எட்டுத் திசைகள்தான். கிரிவலப் பாதையில் இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை திசைக்கொன்றாக எட்டு லிங்கங்களைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு குறையாகவே தோன்றவில்லை. 2009இல் ஃபிஃபா 10 ‘360 டிகிரி டிரிபிளிங்’ என்று விளம்பரம் செய்தபோதுதான் எட்டுக்கு வெளியே திசைகள் உண்டு என்பதே உறைத்தது. அதற்குக் கன்சோலும் கண்ட்ரோலரும் வேண்டும். நம்மிடம் இருந்தது கீபோர்ட்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது இந்தத் தொடரின் குணத்தைக் காட்டுகிறது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்குப் புதிய எஞ்சின் எழுதப்பட்ட பிறகும், கம்ப்யூட்டருக்குப் பழைய தலைமுறை எஞ்சின்தான் வந்துகொண்டிருந்தது. ஃபிஃபா 08, 09, 10 மூன்றும் பெயரில் ஒன்று, உள்ளே வேறு. 2010இல் ஃபிஃபா 11 வந்தபோதுதான் இடைவெளி குறைந்தது. 2013இல் அடுத்த தலைமுறைக் கன்சோல்கள் வந்ததும் கம்ப்யூட்டர் மறுபடி ஒரு வருஷம் பின்னால் நின்றது. 2021இல் ‘ஹைப்பர்மோஷன்’ வந்தபோதும் அதே கதை. நின்டெண்டோ ஸ்விட்சுக்கு ‘லெகசி எடிஷன்’ என்று அணிப் பட்டியலை மட்டும் மாற்றி அதே விளையாட்டைப் பல ஆண்டுகள் விற்றார்கள். சென்னையில் ஓடித் தேய்ந்த பஸ்ஸை மாவட்டத்துக்கு அனுப்பி, போர்டை மட்டும் மாற்றி ஓட்டுவதைப் போல. டிக்கெட் விலையில் மட்டும் வித்தியாசம் தெரியாது.

*

சென்டரில் இரண்டு கட்சிகள் இருந்தன. இன்னொரு கட்சி கோனாமியின் ‘புரோ எவல்யூஷன் சாக்கர்’. 1990களின் நடுவில் ஜப்பானில் ‘வின்னிங் லெவன்’ என்று தொடங்கி, 2006இல் வந்த பெஸ் 6இல் உச்சம் தொட்ட தொடர். விமர்சனம் என்ற வகையில் ஃபிஃபாவைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த விமர்சனம் இந்தப் போட்டி விளையாட்டுதான் என்று நினைக்கிறேன்.

கோனாமியிடம் உரிமங்கள் கொஞ்சம்தான். எனவே செல்சீ அங்கே ‘லண்டன் எஃப்சி’. லிவர்பூல் ‘மெர்சிசைட் ரெட்’. ராபர்ட்டோ கார்லோஸ் ஒரு காலத்தில் ‘ராபர்ட்டோ லார்கோஸ்’. ஆரம்பப் பாகங்களில் நெதர்லாந்து வீரர்களுக்குப் பெயரே கிடையாது. ‘ஆரஞ்சஸ் 001’ என்று எண்தான். ஆனால் அந்தப் பெயரில்லாதவன் ஓடும்போது யார் என்று தெரிந்துவிடும். தோளைச் சாய்க்கும் விதம், பந்தைக் காலுக்கு எவ்வளவு தூரத்தில் வைத்துக்கொள்கிறான் என்பது, திரும்ப எடுக்கும் நேரம் எல்லாமே சொல்லிவிடும். பெஸ் 6இல் இன்டர் மிலானின் அட்ரியானோ இடது காலைத் தூக்கினால் சென்டரில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஷாட் வலிமை 99 என்பது பின்னால் படித்த எண், முன்னால் உணர்ந்த பயம்.

ஃபிஃபாவில் பெயர் இருந்தது, சீருடை இருந்தது, ஆனால் எல்லா வீரர்களும் ஏறக்குறைய ஒரே உடம்பால் ஓடினார்கள். பெஸ்ஸில் பெயர் பொய், உடம்பு நிஜம். பெயரை நாமே சரிசெய்துகொள்ளலாம். எடிட் பகுதிக்குப் போய் எழுத்தெழுத்தாகத் தட்டவேண்டும். உலகம் முழுக்க ரசிகர்கள் இப்படித் திருத்திய கோப்புகளைப் பகிர்ந்துகொண்டார்கள். எங்கள் சென்டரில் ஒரு அணியை முழுதாக அழித்து, அதில் பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவை உட்கார வைத்திருந்தோம். அந்த விளையாட்டின் குறை, ஆடுகிறவனுக்கு ஒரு வாசலாக இருந்தது. நிறைவான விளையாட்டில் அப்படி ஒரு வாசல் இருப்பதில்லை.

கோனாமியின் பின்கதை சோகமானது. புதிய கன்சோல்களில் தடுமாறி, 2021 செப்டம்பரில் ‘ஈஃபுட்பால்’ என்ற இலவச விளையாட்டாக மாறி, அரைகுறையாக வெளியாகி, உலகமே சிரிக்கும்படி ஆனது. பிறகு சுதாரித்துக்கொண்டது. 2024இல் ஃபிஃபா சம்மேளனம் தன் மின்விளையாட்டு உலகக் கோப்பைக்கு இந்த ஈஃபுட்பாலையே எடுத்துக்கொண்டது. ஆயுள் முழுக்கப் பெயருக்கு அலைந்தவன் வீட்டுக்குக் கடைசியில் பெயர் தானாக வந்து சேர்ந்திருக்கிறது, உடம்பு தளர்ந்த பிறகு.

*

2008 முதல் 2012 வரையிலான ஃபிஃபாக்கள் பெஸ்ஸிடமிருந்து பாடம் கற்றவை. சும்மா சொல்லக்கூடாது, அவை நல்ல விளையாட்டுகள். ஃபிஃபா 12இல் தடுப்பாட்டத்தை மாற்றினார்கள். அதற்கு முன் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் நம் ஆள் தானாகப் போய்ப் பந்தைப் பறித்துவருவான். ஃபிஃபா 12 அவனை எட்டி நிற்கவைத்தது. இடைவெளியைக் காத்துக்கொண்டு, எதிராளி தவறும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் போச்சு. உடல்கள் மோதும்போது முன்பதிவு செய்த அசைவுக்குப் பதிலாக இயற்பியல் கணக்கிட்டது. பொறுமையை ஒரு திறமையாக மாற்றிய அந்த மாற்றத்தை இந்தத் தொடரின் மிகப் பெரிய அழகியல் முடிவு என்று சொல்வேன்.

அதே காலத்தில்தான் தொலைக்காட்சிப் போலியும் முழுமையானது. லீக்கின் சொந்த ஸ்கோர்போர்டு, வீரர்கள் வரிசையாக வரும் காட்சி, மறுஒளிபரப்பு, பயிற்சியாளர் முகத்தில் கேமரா. 2016இல் ஃபிஃபா 17 ஒருபடி மேலே போய் அலெக்ஸ் ஹன்டர் என்ற கற்பனை இளைஞனைக் கொண்டு ஒரு தொடர்கதையே சொன்னது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் மூன்று பாகத்தோடு ஹன்டரை முடித்து அனுப்பிவிட்டார்கள். கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதை ஒருமுறைதான் விற்க முடியும். பக்கத்து அறையில் வேறொன்று தினமும் விற்றுக்கொண்டிருந்தது.

*

அதன் பெயர் ‘அல்டிமேட் டீம்’. 2009 மார்ச்சில் ஃபிஃபா 09க்கு ஒரு கூடுதல் பகுதியாக வந்தது. வீரர்கள் அட்டைகளாக வருவார்கள். அட்டைகள் மூடிய பாக்கெட்டில் வரும். உள்ளே யார் என்று தெரியாது. ஆடிச் சேர்த்த நாணயத்திலும் வாங்கலாம், நிஜப் பணத்திலும் வாங்கலாம். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், தன் எல்லா விளையாட்டுகளின் அல்டிமேட் டீம் பகுதிகளிலிருந்தும் சேர்த்து அந்த நிறுவனம் ஈட்டியது 162 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கால்பந்திலிருந்து. கிரிவலம் வருகிற கூட்டம் ஏழு லிங்கங்களைக் கும்பிட்டுக் கடந்து, குபேர லிங்கத்தில் மட்டும் நெருக்கியடித்து நிற்கும். கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கடைகளும் பெருகும்.

பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய பாக்கெட்டுகளைச் சூதாட்டம் என்றது. 2019 தொடக்கத்தில் அங்கே நிஜப் பணத்துக்கு விற்பது நிறுத்தப்பட்டது. நெதர்லாந்தில் விதிக்கப்பட்ட அபராதத்தை 2022இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரே பாக்கெட், இரண்டு பக்கத்து நாடுகள், இரண்டு பதில்கள். நமக்கு இது புதிதா என்ன? 2003இல் லாட்டரியைத் தடைசெய்த மாநிலம் இது. 2022இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டமும் இயற்றினோம். அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. கால்பந்து வீரனின் படம் போட்ட பாக்கெட் அதில் இல்லை. லாட்டரிச் சீட்டைக் கிழித்துப் பார்த்த தாத்தாவுக்கும், செல்போனில் பாக்கெட்டைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பேரனுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு, சீட்டு ஜெயித்தால் தாத்தாவுக்குப் பணம் கிடைக்கும் என்பதுதான்.

விளையாட்டின் உள்ளே இது என்ன செய்தது என்பதுதான் விமர்சகனாக எனக்கு முக்கியம். அட்டையின் மேல் மூலையில் ஓர் எண் இருக்கும். முப்பதுக்கும் மேற்பட்ட தனித்திறன் மதிப்புகளை, ஆடும் இடத்துக்கேற்ற எடை கொடுத்துச் சுருக்கிய எண். 75க்கு மேல் தங்கம். 65க்கு மேல் வெள்ளி. அதற்குக் கீழே வெண்கலம். பெஸ்ஸில் 99 ஒரு உடம்புக்குள் இருந்தது. இங்கே உடம்பு எண்ணுக்குள் போய்விட்டது. கோனாமியின் அட்ரியானோவை எப்படித் தடுப்பது என்று பேசினோம். இங்கே இவனை எத்தனைக்கு விற்கலாம் என்று பேசுகிறோம். இன்னொரு விளைவையும் கவனியுங்கள். பணம் போட்டு அணி கட்டியவன் தோற்றால் அதைத் தோல்வியாக ஏற்பதில்லை, விளையாட்டே ஏமாற்றுகிறது என்கிறான். 2020இல் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள், கடினத்தை ரகசியமாக மாற்றுகிறார்கள் என்று. நிறுவனம் அதை மறுத்துத் தொழில்நுட்ப விவரங்களைக் காட்டியபின் வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அந்தச் சந்தேகம் போகவில்லை. போகவும் போகாது. பாக்கெட்டில் நேர்மை இல்லை என்று தெரிந்தவன் பந்தில் மட்டும் நேர்மை இருக்கும் என்று எப்படி நம்புவான்?

*

2021இல் ஃபிஃபா 22இல் இந்தியன் சூப்பர் லீக் சேர்க்கப்பட்டது. சென்னையின் எஃப்சி உள்ளே வந்தது. நான் வேலை செய்யும் இடத்தில், நிஜக் கால்பந்தைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட அன்று அந்த நீலச் சட்டையை எடுத்து ஆடினார்கள். பெயர் இருந்தது, சின்னம் இருந்தது. அணிப் பட்டியலைத் திறந்தால் நம் ஆட்கள் பெரும்பாலும் வெண்கலம்.

இது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவின் உச்சத்தோடு ஒப்பிட்டால் அந்த எண்கள் ஏறக்குறைய சரி. எனக்குள்ள சிக்கல் வேறு. 1997இன் இந்தியா பலவீனமான அணியாக இருந்தது, ஆனால் ஆடக்கூடிய அணியாக இருந்தது. அதைக் கொண்டு ஒரு கதையை ஆரம்பிக்கலாம். சந்தையாகிவிட்ட விளையாட்டில் வெண்கல அட்டை என்பது பாக்கெட்டைத் திறந்ததும் அற்ப நாணயத்துக்குத் தள்ளிவிடும் பொருள். வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சொல்லிக்கொள்கிறோம். அங்கிருந்து ஒரு பையன் உயிரைக் கொடுத்து ஆடி, லீக்குக்கு வந்து, இந்த விளையாட்டுக்குள்ளும் வந்தால் அவனுக்குக் கிடைப்பது அந்த ஒரு நொடி. கட்டைவிரல் ஒரு பொத்தானை அழுத்தும் நேரம்.

பெண்கள் கதையும் இதையொட்டியதுதான். ஃபிஃபா 16இல் பன்னிரண்டு தேசிய அணிகளாக வந்தார்கள். ஃபிஃபா 23இல் இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப் அணிகள். எஃப்சி 24இல் ஆண்களோடு ஒரே அணியில் கலந்து ஆடலாம் என்று அட்டையாக்கினார்கள். கணினித் திரையில் ஒரு பெண் ஓடிவந்து கோல் போடுவதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் பையன்களை நான் பார்க்கிறேன். அதற்காக இந்தத் தொடருக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற மதுரையின் சேது எஃப்சி இந்த உலகத்தில் இல்லை. ஒரு தரவுத்தளத்தில் வெண்கலமாக இருப்பது மோசமா, இல்லாமலே இருப்பது மோசமா? எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. பழைய பெஸ்ஸாக இருந்திருந்தால் எடிட் பகுதியைத் திறந்து நானே சேர்த்திருப்பேன்.

*

இந்தத் தொடர் மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, வருஷா வருஷம் அதே விளையாட்டை விற்கிறார்கள் என்பது. இதில் எனக்கு உடன்பாடில்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை மாதா மாதம் சுற்றுகிற ஊரில் இருந்துகொண்டு, திரும்பச் செய்வதைக் குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. இந்தப் பௌர்ணமிக்குப் புது மலை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கால்பந்தும் அப்படித்தான், அதே பதினொரு பேர், அதே தொண்ணூறு நிமிடம். திரும்பச் செய்வதால் நடப்பவனிடம் ஏதோ ஒன்று சேர வேண்டும், அவ்வளவுதான். அல்டிமேட் டீமில் ஒவ்வொரு செப்டம்பரும் நீங்கள் சேர்த்தது எல்லாம் பூஜ்யம். புதிய பாகத்தில் வெறும் கையோடு மறுபடி நிற்கவேண்டும். திரும்ப வருவது இங்கே பயிற்சி இல்லை, சந்தா.

2023 செப்டம்பரில் எஃப்சி 24 வந்த கையோடு, பழைய ஃபிஃபா பாகங்கள் இணையக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. உரிமத்தோடு கட்டப்பட்டவை உரிமம் போனால் போகத்தானே வேண்டும். ஒரு கலைவடிவத்தின் முப்பது ஆண்டுத் தொடர்ச்சியைச் சட்டப்படி வாங்கி ஆடிப் பார்க்க இன்று நேர்வழி இல்லை. 2025 செப்டம்பரில் சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் அடங்கிய குழு இந்த நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அவர்கள் வாங்குவது எதை? ஃபிஃபா 98ஐயோ ஃபிஃபா 12ஐயோ அல்ல. அடுத்த செப்டம்பரையும் அதற்கடுத்த செப்டம்பரையும்.

மாறாக, பெஸ் 6க்கு இன்றைக்கும் உலகின் பல மூலைகளில் ரசிகர்கள் இந்த வருஷ அணிப் பட்டியலைத் தயாரித்து வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருபது வருஷப் பழைய எஞ்சினில், அன்று பிறந்தே இராத வீரர்கள் ஓடுகிறார்கள். அதைச் செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அந்த விளையாட்டு அவர்கள் வட்டில் முழுதாக இருக்கிறது. அடுத்த பாகம் வரும்போது கிராஃபிக்ஸ் எப்படி, பாஸிங் எப்படி என்று வழக்கம்போல் பேசுவோம், நானும் பேசுவேன். கூடவே இதையும் கேட்டுவைக்கலாம்: பத்து வருஷம் கழித்து இதை ஒரு பையன் திறந்து, அவன் வகுப்பை இதற்குள் உட்கார வைக்க முடியுமா?